பிளாட்டர் திரையில் பக்கத்துக் கப்பல்: படகுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் படகுகளுக்கு ஜிபிஎஸ், பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரை), வயர்லெஸ் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்திலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகும் படகுகள்தான் அதிகம் வரும். கருவியை மாட்டி முடித்ததும் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவர், கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். போனில் பத்து பேருக்குப் பத்து தடவை சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

2017 ஜூனில் கொச்சிக்கு அப்பால், 2018 ஆகஸ்டில் முனம்பத்துப் படகு, 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால். மூன்றிலும் விடிவதற்கு முன் இருட்டில் கப்பல் மோதியது. மூன்றிலும் தமிழ்நாட்டுக்காரர்கள் படகில் இருந்தார்கள். திரையைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிளாட்டர்ல சின்னச் சின்ன முக்கோணம் வருதே, அது என்ன அண்ணே?

ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கப்பல் அல்லது படகு. அதில் இருக்கும் ஏஐஎஸ் கருவி, தன் பெயர், இருக்கும் இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் விஎச்எஃப் ரேடியோவில் தானாகவே சொல்லிக்கொண்டே இருக்கும். நம் கருவி அதைக் கேட்டு வாங்கிப் பிளாட்டருக்குக் கொடுக்கிறது. பிளாட்டர் அதை வரைபடத்தின் மேல் முக்கோணமாக வைக்கிறது. முக்கோணத்தின் கூர்முனை அந்தக் கப்பல்காரன் முன்பக்கம். அதிலிருந்து நீளும் கோடு, அவன் இதே வேகத்தில் இதே திசையில் போனால் இன்னும் சில நிமிடத்தில் எங்கே இருப்பான் என்பதைக் காட்டும்.

இதற்கென்று இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன, 161.975 மற்றும் 162.025 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்தை 2250 துண்டுகளாகப் பிரித்து, ஒரு கப்பல் பேசும்போது இன்னொன்று குறுக்கே பேசாதபடி முறை வைத்துப் பேசுகின்றன. இணையமோ சிம் கார்டோ தேவையில்லை. கரையிலிருந்து 200 மைலுக்கு அப்பாலும் இது வேலை செய்யும்.

பிளாட்டர் வாங்கினா போதுமா, ஏஐஎஸ் தனியா வாங்கணுமா?

பெரும்பாலான பிளாட்டர்களில் ஏஐஎஸ் உள்ளே இருக்காது. பெட்டியின் மேல் 'ஏஐஎஸ் ஆதரவு' என்று எழுதியிருந்தால், வெளியிலிருந்து தகவல் வந்தால் காட்டும் என்று மட்டும் பொருள். தகவலைப் பிடிக்கும் கருவி தனி. அதற்கு விஎச்எஃப் ஆன்டெனா வேண்டும். அனுப்பவும் செய்கிற கருவி என்றால் அதற்கென்று ஜிபிஎஸ் ஆன்டெனாவும் வேண்டும். சில கருவிகளில் அது உள்ளேயே வரும்.

வாங்குவதற்கு முன் பிளாட்டரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய பிளாட்டர்கள் சிலவற்றில் ஏஐஎஸ் வயரை மாட்டவே இடம் கிடையாது.

ரிசீவர் மட்டும் போட்டா காசு மிச்சம். அது போதாதா?

போதாது. ரிசீவர் மட்டும் இருந்தால் நீங்கள் கப்பலைப் பார்ப்பீர்கள், கப்பல் உங்களைப் பார்க்காது. நடுக்கடலில் தூண்டிலை விட்டுவிட்டு மிதந்துகொண்டிருக்கும் படகால் சட்டென்று விலக முடியாது. விலக வேண்டியது அவன். அவனுக்குத் தெரிந்தால்தான் விலகுவான்.

மும்பையில் 2008-ல் நடந்த தாக்குதலுக்குப் பிறகு 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகுகளுக்கு ஏஐஎஸ் வேண்டும் என்று இங்கே உத்தரவு வந்தது. சட்டத்துக்காக மாட்டுகிறவர்களும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் அனுப்பும் கருவியைத்தான் மாட்டச் சொல்வேன்.

எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியும்?

விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போகும், கடலின் வளைவைத் தாண்டி அதிகம் போகாது. அதனால் தூரத்தைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம். ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உங்கள் ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் போடுங்கள். அவன் ஆன்டெனாவுக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 2.2-ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம் வரும்.

உங்கள் ஆன்டெனா 4 மீட்டர், கப்பலுடையது 36 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஆறும் எட்டு. 17 மைலுக்கு மேல். உங்களைப் போலவே 4 மீட்டர் ஆன்டெனா வைத்த இன்னொரு படகு என்றால் 9 மைல்கூட வராது. அதே ஆன்டெனாக்களை இருவரும் 9 மீட்டருக்கு உயர்த்தினால் 13 மைல் கிடைக்கும். விலை உயர்ந்த கருவி வாங்குவதைவிட ஆன்டெனாவை மாஸ்ட் உச்சிக்கு ஏற்றுவது அதிகம் பலன் தரும். இதை எத்தனை முறை சொன்னாலும், வீல்ஹவுஸ் கூரையில் குடிதண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஆன்டெனாவைக் கட்டி வைத்திருக்கும் படகுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன்ல ஆப் போட்டா எல்லா கப்பலும் தெரியுதே. அப்புறம் இது எதுக்கு?

அந்த ஆப்புகள் காட்டுவதும் இதே ஏஐஎஸ் தகவல்தான். கரையில் ஆன்டெனா வைத்திருப்பவர்களும் செயற்கைக்கோள்களும் பிடித்து இணையத்துக்கு அனுப்புவதை உங்கள் போன் காட்டுகிறது. வந்து சேரச் சில நிமிடமும் ஆகலாம், நடுக்கடல் என்றால் மணிக்கணக்கும் ஆகலாம். 14 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரும் கப்பல் பத்து நிமிடத்தில் இரண்டே கால் மைலுக்கு மேல் நகர்ந்துவிடும். நீங்கள் பார்க்கும் இடத்தில் அது இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் படகு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஆப் உதவும். மோதலைத் தவிர்க்க அதை நம்பக் கூடாது. அதோடு, கரையை விட்டு விலகியதும் போனில் சிக்னலும் இருக்காது.

அரசாங்கம் குடுத்த இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் இருக்கே, அதுவே போதாதா?

இரண்டும் வேறு வேறு வேலை. இஸ்ரோவின் கருவி செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசுவது. ஆபத்து என்றால் கரைக்குச் செய்தி போகும், கரையிலிருந்து புயல் எச்சரிக்கை வரும். நல்ல கருவி, கழற்றிப் போடாதீர்கள். ஆனால் உங்களை நோக்கி வரும் சரக்குக் கப்பலின் திரையில் அது உங்களைக் காட்டாது. அவன் திரையில் தெரிய ஏஐஎஸ்தான் வேண்டும்.

முக்கோணத்தைத் தொட்டா ஒரு பட்டியலே வருது. எதைப் பாக்கணும்?

பெயர், நீளம், போகும் துறைமுகம் எல்லாம் பிறகு. முதலில் இரண்டைப் பாருங்கள். சிபிஏ என்பது, இருவரும் இப்போது போகிறபடியே போனால் எவ்வளவு நெருங்கி வருவோம் என்பது. டிசிபிஏ என்பது அந்த நெருக்கத்துக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்பது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நீங்கள் வலை விட்டு மிதக்கிறீர்கள். ஏழு மைல் தூரத்தில் ஒரு கப்பல், 14 நாட் வேகம், உங்கள் பக்கமாக வருகிறது. டிசிபிஏ 30 நிமிடம். சிபிஏ 0.2 மைல் என்று திரை சொல்கிறது. மோதாது, பக்கத்தில் போய்விடும் என்று விட்டுவிடலாமா? 0.2 மைல் என்பது வெறும் 370 மீட்டர். பெரிய கண்டெய்னர் கப்பலின் நீளமே 300 மீட்டருக்கு மேல். ஏஐஎஸ் சொல்லும் இடம் அவன் ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும் இடத்தை வைத்து வருவது. டேங்கர்களிலும் பல சரக்குக் கப்பல்களிலும் அது பின்பக்கம், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் மேல் இருக்கும். கப்பலின் முகப்பு அதற்கு 200 மீட்டருக்கு மேல் முன்னால் இருக்கலாம். உங்கள் வலையோ இன்னும் ஒரு பக்கம் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிறது. 0.2 ஆபத்து. நான் ஒரு மைலுக்குக் குறைந்தால் எழுந்து நில்லுங்கள் என்பேன்.

சிபிஏ ஒரே எண்ணாக நிற்காது. அவன் சில டிகிரி திரும்பினாலும் தூரத்தில் இருக்கும்போது பெரிதாக மாறும். ஒரு முறை பார்த்துவிட்டு விடாமல், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் அவன் உங்களைக் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அலாரம் ஓயாம கத்துது அண்ணே, பசங்களுக்குத் தூக்கமே இல்ல. அணைச்சு வச்சிட்டேன். தப்பா?

தப்புதான், ஆனால் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. கடையிலிருந்து வரும்போது இருக்கும் அமைப்பு நம் வேலைக்கு ஒத்து வராது. துறைமுக வாயிலில் நூறு படகு ஒன்றாகக் கிளம்பும்போது எல்லாமே ஆபத்து என்று அது கத்தும். நீங்கள் வெறுத்துப்போய் அணைப்பீர்கள். அப்புறம் நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்குக் கத்த வேண்டிய நேரத்தில் அது சும்மா இருக்கும்.

அலாரத்துக்குச் சிபிஏ எவ்வளவு, டிசிபிஏ எவ்வளவு என்று நீங்களே எண் வைக்கலாம். நான் நடுக்கடலுக்கு ஒரு மைல், 30 நிமிடம் என்று வைத்துக் கொடுப்பேன். துறைமுகத்தில் அலாரத்தை நிறுத்தி, வெளியே வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுவதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். கூடவே ஓடும் நம் படகுகளுக்காக அலாரம் அடிப்பதைக் குறைக்க, பல பிளாட்டர்களில் மெதுவாகப் போகிறவற்றை ஒதுக்கும் வசதி உண்டு. இரண்டு நாட் அளவுக்கு வைத்தால் மிதக்கும் படகுகள் ஒதுங்கிவிடும். ஓடும் கப்பல் ஒதுங்காது. ஆனால் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வசதியை எடுத்துவிட வேண்டும், மிதக்கும் படகின் மேல் நீங்கள் ஏறிவிடக் கூடாது.

இன்னொன்று, அலாரம் பிளாட்டரின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் வந்தால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. வெளியே ஒரு பஸ்ஸர் இணைக்க முடிகிற மாடலாக இருந்தால் செலவைப் பார்க்காமல் இணையுங்கள்.

கப்பல் வழுக்கிட்டுப் போற மாதிரி நகருது, பக்கத்துப் படகு மட்டும் நின்னு நின்னு தாவுது. கருவி கோளாறா?

கோளாறு இல்லை. கருவியில் இரண்டு வகுப்புகள் உண்டு. பெரிய கப்பல்களில் இருப்பது ஏ வகுப்பு, 12.5 வாட். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் இதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2002-ல் தொடங்கி 2004 முடிவதற்குள் எல்லோரும் மாட்டினார்கள். ஓடும்போது அது 2 முதல் 10 நொடிக்கு ஒரு முறை தன் இடத்தைச் சொல்லும்.

நம் படகுகளில் பெரும்பாலும் பி வகுப்பு, அதுவும் 2 வாட் உள்ளது. ஓடும்போது 30 நொடிக்கு ஒரு முறை. வேகம் இரண்டு நாட்டுக்குக் கீழே போனால் 3 நிமிடத்துக்கு ஒரு முறைதான். 8 நாட்டில் போகும் படகு 30 நொடியில் 120 மீட்டர் நகர்ந்திருக்கும், அதுதான் தாவல். இதில் கவனிக்க வேண்டியது அந்த 3 நிமிடம். நீங்கள் மிதக்கும்போது உங்களிடமிருந்து வரும் இரண்டு செய்திகளுக்கு நடுவில் 14 நாட் கப்பல் 0.7 மைல் முன்னேறிவிடும். ஒரு செய்தி தவறிப்போனால் ஒன்றரை மைலுக்குப் பக்கம். 5 வாட் உள்ள புதிய வகை பி கருவிகள் இருக்கின்றன. அவை நெரிசலிலும் தங்களுக்கு இடம் பிடித்துக்கொள்ளும். 2 வாட் கருவி, அலைவரிசையில் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசும். புதிதாக வாங்குவதாக இருந்தால் 5 வாட் வாங்குங்கள்.

நங்கூரம் போட்ட கப்பலோட முக்கோணம் சுத்திச் சுத்தித் திரும்புதே?

நிற்கிற கப்பலுக்குப் போகும் திசை என்று ஒன்று கிடையாது. ஜிபிஎஸ் சில மீட்டர் அங்கும் இங்கும் ஆடுவதையே திசை என்று கருவி எண்ணிக்கொள்ளும். முகப்புத் திசையைச் சொல்லும் திசைகாட்டி இணைக்காத படகுகளில் இது அதிகம் தெரியும். வேகம் அரை நாட்டுக்குக் கீழே இருந்தால் அந்தத் திசையையும், அதிலிருந்து வரும் சிபிஏ எண்ணையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரையில ஒருத்தரும் இல்ல. ஆனா கண்ணுக்கு லைட் தெரியுது. எப்படி?

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் மனதில் பதிய வேண்டும் என்று நினைக்கிற விஷயம் இது. பேசுகிறவர்கள் மட்டுமே திரையில் வருவார்கள். வள்ளம், பைபர் படகு, ஏஐஎஸ் இல்லாத விசைப்படகு, கருவியை அணைத்து வைத்தவன், ஆன்டெனா வயர் அறுந்தவன், கடற்படைக் கப்பல் என்று பேசாதவர்கள் எத்தனையோ பேர். மிதக்கும் மரத்தடியும் கண்டெய்னரும் பேசாது.

ஆகவே வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. கடல் விதிகளின் ஐந்தாம் விதி கண்ணாலும் காதாலும், இருக்கிற எல்லா வழியாலும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறது. ஒருவன் வெளியே நின்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் மாற்று இல்லை. நாலு பேர் கை ஓய்ந்து படுத்த இரவிலும் ஐந்தாமவன் விழித்திருக்க வேண்டும். கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ரேடார் இருக்கு. அப்ப ஏஐஎஸ் தேவையா?

ரேடார் தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறது. பேசாதவனையும் அது காட்டும். ஆனால் பைபர் படகும் மரப்படகும் ரேடாரில் மங்கலாக விழும், கச்சான் காற்றுக் காலத்து அலையில் மறைந்தும் போகும். மழையும் மறைக்கும். ஏஐஎஸ் மழையிலும் அலையிலும் மாறாது, பெயரையும் சொல்லும், கப்பல் திரும்பத் தொடங்கினால் ரேடாரைவிடச் சீக்கிரம் காட்டும். இரண்டும் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். ரேடார் புள்ளியும் முக்கோணமும் ஒட்டி நின்றால் சரி. முக்கோணம் இல்லாத புள்ளியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

எம்எம்எஸ்ஐ நம்பர்னு ஒண்ணு கேக்குது. பழைய படகுல இருந்த கருவியை அப்படியே மாட்டலாமா?

எம்எம்எஸ்ஐ என்பது ஒன்பது இலக்க எண், படகின் செல்போன் நம்பர் மாதிரி. முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 419, இலங்கைக்கு 417. அது படகுக்கு ஒதுக்கப்படுவது, கருவிக்கு இல்லை. பழைய படகின் எண்ணோடு மாட்டினால் நீங்கள் கடலில் இன்னொரு படகின் பெயரில் திரிவீர்கள். ஆபத்து என்று கூப்பிட்டால் தேடுகிறவர்கள் வேறு வீட்டுக்குப் போன் செய்வார்கள்.

இரண்டு படகுக்கு ஒரே எண் இருந்தால் மற்றவர்களின் திரையில் ஒரே முக்கோணம் அங்கும் இங்குமாகத் தாவும். ஒரு தடவை ஒரே கடையில் வாங்கிய நாலு படகில் ஒரே எண்ணைப் போட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்தேன். நாலு ஸ்ராங்குக்கும் அது தெரியாது. பல கருவிகளில் எண்ணை ஒரு முறைதான் பதிய முடியும், மாற்ற வேண்டுமானால் விற்றவரிடம் போக வேண்டும். அதனால் பதியும்போது நீங்கள் பக்கத்தில் நின்று இலக்கம் இலக்கமாகச் சரி பாருங்கள். படகின் பெயர், நீளம், வகை எல்லாம் அதே சமயம் பதிவாகும். வகை என்ற இடத்தில் மீன்பிடிப் படகுக்கு 30. அதைக் காலியாக விட்டால் கப்பல்காரனுக்கு நீங்கள் யார் என்று புரியாது.

எல்லாம் மாட்டியாச்சு, ஆனா ஒரு முக்கோணம்கூட வரல. எங்க பாக்கணும்?

முதலில் பிளாட்டரின் அமைப்புகளில் ஏஐஎஸ் காட்டுவது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார் அதோடு முடிந்துவிடும். அடுத்தது தகவல் போகும் வேகம். என்எம்ஈஏ 0183 என்ற பழைய இணைப்பு முறை வயரில் இணைத்திருந்தால் ஏஐஎஸ் 38400 வேகத்தில் பேசும், சாதாரண ஜிபிஎஸ் கருவி 4800-ல் பேசும். பிளாட்டரில் அந்த வாயிலை 38400 என்று மாற்றாவிட்டால் ஒன்றும் வராது. என்எம்ஈஏ 2000 வகை இணைப்பில் இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் தெரிகிறார்கள், தூரத்தில் இருப்பவர்கள் தெரியவில்லை என்றால் ஆன்டெனா வழியைப் பாருங்கள். மாஸ்ட் உச்சியில் இருக்கும் இணைப்பில் உப்புக்காற்று பட்டுக் களிம்பு ஏறியிருக்கும். மெல்லிய கேபிளை நீளமாக இழுத்திருந்தாலும் பலம் குறையும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது: விலை குறைந்த எல்ஈடி விளக்குகள். அவற்றின் உள்ளே இருக்கும் மின்சுற்று விஎச்எஃப் அலையில் இரைச்சல் போடும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. இரவில் எல்லா எல்ஈடியையும் ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். முக்கோணம் கூடினால் விளக்குதான் காரணம்.

ஆன்டெனா இணைக்காமல் அனுப்பும் கருவியை ஒருபோதும் ஓட விடாதீர்கள். உள்ளே அனுப்பும் பகுதி கெட்டுப்போகலாம்.

பேர் இல்லாத முக்கோணம் பத்துப் பதினஞ்சு வரிசையா நிக்குது. அது படகா?

அநேகமாக வலைதான். வலையின் மிதவையில் ஏஐஎஸ் மாதிரியே பேசும் சின்னக் கருவியைக் கட்டி விடுகிறார்கள். எந்த நாட்டுக்கும் ஒதுக்காத எண்ணாக இருக்கும், வேகம் நீரோட்டத்தின் வேகம்தான். சுற்றிப் போங்கள். நாமே அப்படிக் கட்டுவது சரியில்லை. கப்பல்களுக்கான அலைவரிசை அதனால் நெரிகிறது, மனிதர் இருக்கும் படகை மிதவை என்று நினைத்து ஒதுக்கும் பழக்கமும் கப்பல்களில் வளர்கிறது.

எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தால் வேறு சிலவும் புரியும். 99 என்று தொடங்கினால் கடல்வழிக் குறி, அதாவது மிதவையோ கலங்கரை விளக்கமோ. 970, 972, 974 என்று தொடங்கினால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. 970 உயிர் காக்கும் மிதவைப் படகிலிருந்து, 972 கடலில் விழுந்த ஆளிடமிருந்து, 974 அவசர பீக்கனிலிருந்து வருவது. வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட மாதிரி தெரியும். இடத்தைக் குறித்துக்கொண்டு 16-ஆம் சேனலில் சொல்லுங்கள், கரையோடு பேச முடிந்தால் கடலோரக் காவல் படையின் 1554-க்குச் சொல்லுங்கள்.

நம்ம படகு கப்பல்காரனுக்கு நிச்சயமா தெரியுமா?

நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கருவி வேலை செய்கிறதா என்பது முதல் கேள்வி. கருவியில் அனுப்புவதை நிறுத்தும் மௌன நிலை ஒன்று இருக்கும், தெரியாமல் அதில் கிடக்கும். புறப்படும் முன் பக்கத்துப் படகைக் கூப்பிட்டு, என் பெயர் உன் திரையில் வருகிறதா என்று கேளுங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

அடுத்தது கப்பலின் பக்கம். மீன்பிடிப் படகுகள் குவிந்திருக்கும் இடத்தில் திரை நிறைந்துவிடுகிறது என்று பி வகுப்பை மறைத்து வைக்கும் வசதி அவர்களுக்கு உண்டு. பழைய கருவிகள் சிலவற்றில் உங்கள் பெயர் வராமல் எண் மட்டும் வரும். அதனால் திரையில் அவன் பெயரைப் பார்த்து விஎச்எஃப் 16-ல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'கப்பலே, கப்பலே' என்று கூப்பிட்டால் பத்து கப்பலில் எவனும் தன்னை என்று நினைக்க மாட்டான். பெயர், உங்கள் இடம், 'ஃபிஷிங், நெட் அவுட், கீப் கிளியர்' என்ற சில சொற்கள் போதும். பெரும்பாலும் உடனே திரும்புவார்கள். ஏஐஎஸ் நமக்குக் கொடுத்த பெரிய உதவியே இந்தப் பெயர்தான்.

வலை கிடக்கு, நாம மீன் பிடிக்கிறோம். கப்பல்தானே விலகணும், நாம ஏன் பதறணும்?

விதி உங்கள் பக்கம்தான், ஒரு அளவுக்கு. இன்ஜினில் ஓடும் கப்பல், மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு விலக வேண்டும் என்கிறது பதினெட்டாம் விதி. மீன் பிடிப்பது என்றால் திரும்ப முடியாதபடி வலையோ தூண்டிலோ இழுவலையோ கடலில் கிடக்க வேண்டும். ஓடிக்கொண்டே நாலு தூண்டிலை இழுத்துப் போவது அதில் சேராது. வலை ஏதும் இல்லாமல் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கினால் அதுவும் சேராது. அப்போது நீங்கள் வெறும் மிதக்கும் இன்ஜின் படகு, எந்தச் சலுகையும் இல்லை.

இரவில் அவனுக்கு அது தெரிய விளக்கு வேண்டும். இழுவலைக்கு மேலே பச்சை, கீழே வெள்ளை. வழிவலைக்கும் தூண்டிலுக்கும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இப்போது பல படகுகளில் கலர் கலராக எல்ஈடி சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் கரைந்துபோகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது படகா கரையா என்றே தெரியாது. பி வகுப்பு ஏஐஎஸ், இப்போது மீன் பிடிக்கிறேன் என்று சொல்லாது, மீன்பிடிப் படகு என்ற வகையை மட்டும் சொல்லும். அதனால் சரியான விளக்குக்குக் கருவி மாற்று ஆகாது.

மினிக்காய்க்குத் தெற்கே எட்டு டிகிரி, வடக்கே ஒன்பது டிகிரி வழிகளிலும், இலங்கையின் தெற்கு முனையில் தெய்வேந்திரமுனைக்கு அப்பாலும் கப்பல்கள் சாலை போட்ட மாதிரி வரும். தெய்வேந்திரமுனைக்கு வெளியே போவதற்கும் வருவதற்கும் பிரித்த தடங்களே இருக்கின்றன. அந்தத் தடத்தில் போகும் கப்பலுக்கு மீன்பிடிப் படகு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று பத்தாம் விதி சொல்கிறது. அங்கே போய் எனக்குத்தான் வழி என்று நிற்க முடியாது.

ஏஐஎஸ் போட்டா நம்ம மீன் இடம் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே. அங்க போனதும் அணைச்சா என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சும்மா கேட்பதில்லை. நல்ல பாரு (மீன் கூடும் கடலடிப் பாறை) ஒன்றைக் கண்டுபிடிக்க எவ்வளவு டீசல் எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அனுப்புவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதும் உண்மை.

ஆனாலும் அணைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பகலில் பத்துப் படகு சேர்ந்து வந்தால் மீன் குறையும். இரவில் ஒரு கப்பல் பார்க்காமல் வந்தால் வீட்டுக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். மோதிவிட்டு நிற்காமல் போன கப்பல் எது என்று தேடும்போது முதலில் எடுக்கப்படுவதும் ஏஐஎஸ் பதிவுதான். அந்த நேரத்தில் உங்கள் படகு எங்கே இருந்தது என்பதற்கு உங்கள் பதிவும் வேண்டும்.

திரை காட்டுற இடமே பொய்யா இருக்க முடியுமா?

முடியும். கப்பல் தன் ஜிபிஎஸ் சொன்னதைத்தான் நமக்குச் சொல்கிறது. அது கெட்டால் இதுவும் கெடும். 2017 ஜூனில் கருங்கடலில் ரஷ்யாவின் நோவோரோசிஸ்க் துறைமுகம் அருகே சுமார் 20 கப்பல்களின் ஜிபிஎஸ், அவை கரையில் ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டியது. பொய்யான சிக்னலை யாரோ பரப்பியிருந்தார்கள். 2025-ல் பாரசீக வளைகுடாவிலும் ஹோர்முஸ் பக்கமும் இதே தொல்லை பெரிதாக வந்தது. நம் ஊர்ப் பையன்கள் அங்கே படகில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன். முக்கோணங்கள் தரையில் ஏறினாலோ வட்டம் போட்டாலோ, உங்கள் சொந்த இடத்தையும் சந்தேகப்படுங்கள். ரேடாரையும் ஆழமானியையும் கரையின் விளக்கையும் வைத்துச் சரி பாருங்கள்.

திரையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் பழைய முறை இருக்கிறது. வீல்ஹவுஸ் கம்பி ஒன்றின் நேரே கப்பலின் விளக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். உங்கள் படகும் திரும்பாமல் இருக்க வேண்டும், திசைகாட்டி இருந்தால் அதில் பாருங்கள். விளக்கு கம்பியை விட்டு விலகாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் அவன் உங்கள் மேல்தான் வருகிறான்.

கூப்பிட்டும் பதில் இல்ல, சிபிஏ குறைஞ்சிட்டே வருது. என்ன செய்யணும்?

டிசிபிஏ 15 நிமிடத்துக்கு மேல் இருக்கும்போதே எல்லோரையும் எழுப்புங்கள், இன்ஜினை ஓட விடுங்கள். குளிர்ந்த இன்ஜின் கடைசி நிமிடத்தில் கிளம்பாமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டச் சொல்லுங்கள். ஹாரனில் வேகமாக ஐந்து குறும் ஒலி கொடுங்கள், உன் போக்கு எனக்குப் புரியவில்லை என்பதற்கு அதுதான் குறி. சர்ச் லைட்டை முதலில் உங்கள் வலையின் மேலும் படகின் மேலும் அடியுங்கள், பிறகு கப்பலின் பக்கம் காட்டுங்கள். பிரிட்ஜின் கண்ணாடியிலேயே அடித்து வைத்திருந்தால் அவனுக்குக் கண் கூசும், ஒன்றும் தெரியாது. 16-ல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள்.

ஐந்தாறு நிமிடம்தான் இருக்கிறது, அவன் திரும்பவில்லை என்றால் வலையை அறுத்துவிட்டு நகருங்கள். அறுக்கும் இடத்தைப் பிளாட்டரில் குறித்துவிட்டால் விடிந்ததும் தேடலாம். அவன் வரும் கோட்டை விட்டுப் பக்கவாட்டில் தள்ளிப் போங்கள், அவன் முகப்புக்கு முன்னால் கடக்கப் பார்க்காதீர்கள். கத்தியும் கோடாலியும் இரவில் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தடவி எடுக்கிற அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.